அம்மா நோட்டில் ஒரே பக்கத்தில் ரெண்டு பெயர். ஒன்றுக்குத்தான் டிக் விழுந்தது. ஜெபத்தைக் கடவுள் கேட்கிறாரா?

தேரிக்காட்டான்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து போடாதீர்கள். நான் நாசரேத்துப் பக்கம். ஐந்து தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடு. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன். நீங்கள் போடப்போகிற வசனம் எனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு 68 வயது. காலை நாலு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே பாயை விரித்து முழங்கால் போடுவார்கள். பக்கத்தில் ஒரு நீள நோட்டு. பலசரக்குக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த நோட்டு. இடது ஓரம் பெயர், நடுவில் காரியம், வலது ஓரத்தில் பேனாவால் போட்ட ஒரு சின்னக் கட்டம். காரியம் நடந்தால் கட்டத்தில் டிக் போட்டுத் தேதி எழுதுவார்கள். ‘சித்தி மக – கல்யாணம்’. ‘வாத்தியார் வீட்டுப் பசு – சினை’. ‘முதலமைச்சர் – ஞானம்’. எந்தக் கட்சி வந்தாலும் இந்தக் கடைசி வரி மட்டும் நோட்டுக்கு நோட்டு தொடரும். இதுவரை டிக் விழவில்லை.

என் தம்பிக்கு 33 வயதில் ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பதினான்கு மாதம் டயாலிசிஸ், வாரத்துக்கு ரெண்டு தடவை. விடியக்காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய், இருட்டினபிறகு திரும்புவார்கள். கூடப் போவது அம்மாதான். பக்கத்து மிஷினில் கயத்தாறுப் பக்கத்து லாரி டிரைவர் அண்ணன் ஒருவர். அவர் மனைவி சங்கரன்கோவிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் அவரும் ஒரே தூக்குவாளியிலிருந்து காப்பி குடிக்கிற அளவுக்குச் சிநேகம் ஆகிவிட்டார்கள். அப்புறம் என்ன, அந்த அண்ணனும் நோட்டில் ஏறிவிட்டார்.

ஒரே பக்கம். முதல் வரி தம்பி. ரெண்டாவது யாரோ வீட்டுப் பட்டா. மூன்றாவது, ‘கயத்தாத்துத் தம்பி – கிட்னி’.

அந்த அண்ணனுக்கு அவர் தங்கை கொடுத்தார். பொருந்தியது. இப்போது லாரி ஓட்டுவதில்லை, டீக்கடை வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். மூன்றாம் வரிக் கட்டத்தில் டிக், தேதி எல்லாம் இருக்கிறது. என் தம்பிக்கு நான் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சர்க்கரை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவுக்கு வயதும் பிரஷரும். பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருந்தோம். போன ஆகஸ்டில் தம்பி போய்விட்டான். முதல் வரிக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

அடக்கத்துக்கு வந்த ஒரு ஜெபக்குழு அக்கா, “இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருக்கலாம்” என்றார். அவரை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். இன்றுவரை அது தப்பென்று தோன்றவில்லை. ஜெபித்தது அதே அம்மா, அதே நாலு மணி, அதே முழங்கால். விசுவாசம் குறைவு என்றால் மூன்றாம் வரிக்கு மட்டும் எப்படிப் போதுமானதாக இருந்தது?

என் கேள்வி ரெண்டு. நமக்கு என்ன தேவை என்று கேட்பதற்கு முன்னமே பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6-இல் இயேசுவே சொல்கிறார். அப்படியானால் கேட்பது எதற்கு? ரெண்டாவது, யாராவது கேட்டுக்கொண்டு இருக்கிறாரா?

இதை இப்போது எழுதக் காரணம், அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே அம்மா மறுபடி நாலு மணிக்கு எழுந்து பாயை விரித்தார்கள். நான் படுத்துக்கொண்டே பார்த்தேன். எனக்கு அப்போது வந்தது கோபமா பயமா என்று இன்னும் தெரியவில்லை.

ஜெபவீரன்

சகோதரரே, கர்த்தர் உங்களையும் தாயாரையும் தேற்றுவாராக. “கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்” (மத்தேயு 7:7). நம் தேவன் எல்லா ஜெபத்துக்கும் பதில் தருகிறவர். சில நேரம் ஆம், சில நேரம் இல்லை, சில நேரம் காத்திரு. சோர்ந்துபோகாதீர்கள். ஆமென்.

தேரிக்காட்டான்

முதல் வரியிலேயே சொன்னேனே பிரதர்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ‘ஆம், இல்லை, காத்திரு’ என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் பஸ்ஸும் வரும், வராது, லேட்டாக வரும். என்ன நடந்தாலும் சரியாகிவிடுகிற பதில் அது. அதிலிருந்து டிரைவர் ஒருவர் இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்னாள் டெனர்

எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் 12 வருடம் டெனர் பாடினவன் நான். இப்போது விசுவாசி இல்லை. கேட்டதால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வி புதிதில்லை. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1872-இல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். இங்கிலாந்தில் ஞாயிறுதோறும் எல்லா ஆலயத்திலும் அரச குடும்பம் நீடூழி வாழ மன்றாட்டு உண்டு. அப்படியானால் அவர்கள்தானே மற்றவர்களைவிட அதிக நாள் வாழ வேண்டும்? விபத்திலும் சண்டையிலும் செத்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அரச குடும்பத்து ஆண்களுக்குச் சராசரி 64 வயது. சாதாரண நிலச்சுவான்தார்களுக்கு 70. அவர் எடுத்துக்கொண்ட வகையினரில் கடைசி இடம் அரச குடும்பத்துக்குத்தான். உங்கள் அம்மாவின் ‘முதலமைச்சர் – ஞானம்’ வரியைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று 2006-இல் அமெரிக்காவில் வெளியானது. ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரின் குழு, ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை மூன்றாகப் பிரித்தது. ‘உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம்’ என்று ரெண்டு கூட்டத்தாரிடம் சொன்னார்கள். அதில் ஒரு கூட்டத்துக்கு ஜெபித்தார்கள், மற்றதற்கு இல்லை. மூன்றாம் கூட்டத்திடம் ‘உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டே ஜெபித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தது ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களில் 51. உறுதியாகத் தெரிந்திருந்தவர்களில் 59! ‘ஜெபக்குழுவைக் கூப்பிடுகிற அளவுக்கா நம் நிலைமை மோசம்’ என்று பயந்துவிட்டார்களோ என்னவோ.

ஆகவே என் பதில், கேட்க ஆள் இல்லை. லாரி டிரைவர் அண்ணன் பிழைத்தது அவர் தங்கையால்.

ஆனால் ஒன்று. அம்மாவை நிறுத்தச் சொல்லாதீர்கள். என் அப்பாவும் நாலு மணிக்காரர்தான். கல்லூரி முடித்த வேகத்தில் இதே கணக்கையெல்லாம் அவர் முன்னால் போட்டு, ஒரு மாதம் வாதாடி, ஜெயித்தேன். நிறுத்திவிட்டார். அதற்கப்புறமும் சாகிறவரை நாலு மணிக்கு எழுந்துகொண்டுதான் இருந்தார். எழுந்து, லைட் போடாமல், கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தச் ‘சும்மா’வைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மணப்பாட்டுக்காரன்

அண்ணே, நான் கத்தோலிக்கன், மணப்பாடு. குவைத்தில் ஐ.சி.யூ. நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து படித்தேன், தூக்கம் போய்விட்டது.

டெனர் அண்ணன் சொன்ன ஆராய்ச்சியை நானும் படித்திருக்கிறேன். அதில் நோயாளியின் பெயரும் இனிஷியலும் மட்டும் வெளியூர் ஜெபக்குழுக்களுக்குப் போயிற்று. அவர்கள் முகம் பார்த்ததில்லை. ‘சிக்கல் இல்லாமல் சீக்கிரம் குணமாக வேண்டும்’ என்று எல்லோருக்கும் ஒரே வாசகம். உங்கள் அம்மா முதல் பஸ்ஸில் கூடப் போனவர், தூக்குவாளியில் காப்பி கொண்டு போனவர். ரெண்டையும் ஒரே தராசில் போட முடியுமா என்றுதான் என் சந்தேகம். அதற்காக அந்த ஆராய்ச்சி பொய் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ஆட்களிலும் பேசத் தெரியாமல் பேசுகிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, மாதா காப்பாற்றினாள் என்று இன்றுவரை சாட்சி சொல்கிறார்கள். கரையில் இருந்தவர்கள்? பூசைக்கு வந்துவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போனவர்கள், கடை போட்டிருந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கில் போனார்களே, அவர்களும் அதே மாதாவிடம் வந்தவர்கள்தான். அந்தச் சாட்சியைக் கேட்கும்போதெல்லாம் என் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது புனித மோனிக்கா கதை. மகன் அகுஸ்தீன் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறக்கூடாது, போனால் கெட்டுப்போவான் என்று கார்த்தேஜ் துறைமுகத்துப் பக்கம் சிப்ரியான் கோவிலில் ராத்திரி முழுக்க அழுது செபித்தாள். அவனோ அவளை ஏமாற்றிவிட்டு அந்த ராத்திரியே கப்பல் ஏறிவிட்டான். விடிந்து பார்த்தால் கரையில் யாரும் இல்லை. ஆனால் இத்தாலிக்குப் போனதால்தான் அம்புரோஸ் ஆயரைச் சந்தித்து, 387-இல் ஞானஸ்நானம் பெற்றான். அவள் அன்று ராத்திரி கேட்டதைக் கொடுக்காமல், மகன் மனந்திரும்ப வேண்டும் என்று எப்போதும் கேட்டுவந்ததைக் கடவுள் கொடுத்தார் என்று அகுஸ்தீனாரே பிறகு எழுதுகிறார்.

தேரிக்காட்டான்

தம்பி, நல்ல கதை. மனசார எழுதியதற்கு நன்றி. ஆனால் அகுஸ்தீன் கப்பலில் உயிரோடு போய்ச் சேர்ந்தான் இல்லையா. கப்பல் மூழ்கியிருந்தால் மோனிக்காவின் கதையை நமக்கு யார் எழுதியிருப்பார்கள்?

டெனர் அண்ணன், உங்கள் அப்பா பற்றி எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

ஐயரம்மா

தம்பி, நான் பாளையங்கோட்டை. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. ஐயர், அதாவது போதகர், ஏழு சேகரத்தில் இருந்திருக்கிறோம். அதனால் அடக்க வீட்டில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கு நல்லாவே தெரியும். அந்த அக்காவை நீ வெளியே அனுப்பியது சரி. நானாக இருந்தால் சாப்பிட வைத்து அனுப்பியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் அம்மாவுடைய பக்கம் மாதிரியே வேதத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அப்போஸ்தலர் 12. ஏரோது ராஜா இயேசுவின் சீஷனான யாக்கோபைப் பட்டயத்தினால் கொலை செய்தான். அது ஜனங்களுக்குப் பிடிக்கிறதென்று கண்டு பேதுருவையும் பிடித்தான். சபையார் பேதுருவுக்காக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார்கள், தேவதூதன் வந்தான், சங்கிலி விழுந்தது. நாம் பிரசங்கம் பண்ணுவது இந்தப் பாதியைத்தான். யாக்கோபைப் பற்றி ஒரே ஒரு வசனம். அவனுக்காகச் சபை ஜெபித்ததா என்றுகூட எழுதவில்லை. ஆனால் யாக்கோபுக்கும் அம்மா உண்டு. இயேசுவிடம் வந்து, என் ரெண்டு மகன்களையும் உம்முடைய வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் உட்காரவையும் என்று கேட்டவள் அவள்தான். அவள் சும்மா இருந்திருப்பாளா? ஒருவனுக்குச் சங்கிலி விழுந்தது, ஒருவனுக்குத் தலை விழுந்தது. ஏன் என்று, இதை எழுதின லூக்கா ஒரு வார்த்தை விளக்கவில்லை. விளக்காமல் விட்டதற்காகவே எனக்கு லூக்காவைப் பிடிக்கும்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறான். ரோதை என்கிற பெண் குரலைக் கேட்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்த கூட்டம் அவளிடம் “நீ பிதற்றுகிறாய்” என்கிறது! ராத்திரி முழுக்க முழங்காலில் நின்றவர்கள். அவர்களுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று நீயே பார்த்துக்கொள். விசுவாசத்தை உழக்கில் அளந்து அதற்குத் தக்கபடி கொடுக்கிற வியாபாரம் இல்லை அது.

உன் முதல் கேள்விக்கு வருகிறேன். தெரிந்தவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

வீட்டுக்காரருக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் மருந்துச் சீட்டு இருந்தது. மகளுக்குப் போன் போட்டு அந்த மாத்திரை எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று வாரம். அவர் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், கை கழுவாமல் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்து, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். எனக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ராத்திரிக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் வீடு ஒரே வீடாக இல்லை.

மத்தேயு 6-இல் ‘உங்கள் பிதா அறிந்திருக்கிறார்’ என்றதும், ‘ஆகையால் கேட்க வேண்டாம்’ என்று இயேசு சொல்லவில்லை. அடுத்த வரியே ‘நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது’ என்று தொடங்கி, அப்பம் வரைக்கும் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறார். அதனால், ‘ஜெபம் கடவுளை மாற்றுவதற்கு அல்ல, நம்மை மாற்றுவதற்கு’ என்று நாசூக்காகச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் கிடையாது. அன்றாட அப்பம் கேட்கிறவனுக்கு வேண்டியது அப்பம்தானே, மனமாற்றமா? உன் அம்மா கேட்டது சிறுநீரகம். அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

டோனாவூர் உனக்கு எட்டின தூரம்தான். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்தின ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீலக்கண் வேண்டும் என்று ஜெபித்துப் படுத்து, விடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக்கண். பிற்பாடு நம் ஊருக்கு வந்து சேலை கட்டி, பிள்ளைகளை மீட்கப் போனபோது அந்தப் பழுப்புக்கண்தான் உதவியது. ஞாயிறு பள்ளியில் நீயும் கேட்டிருப்பாய். நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஏனென்றால் அவர் கதை அங்கே முடியவில்லை. 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தது. 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடு. டோனாவூரில் அத்தனை பிள்ளைகள் அவருடைய சுகத்துக்காக எத்தனை ஆயிரம் தடவை முழங்கால் போட்டிருப்பார்கள்! படுக்கையிலிருந்தே நிறைய எழுதினார், உண்மை. ஆனால் ‘அதற்காகத்தான் விழவைத்தார்’ என்று சொல்ல என் வாய் வராது. நீலக்கண்ணுக்குக் கிடைத்தது மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரு அழகான முடிவு கிடைத்துவிடாது. கல்லறைக் கல்லுக்குப் பதில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் போய்ப் பார்.

கேட்கிறாரா என்பதற்கு வருகிறேன். தமிழ் வாத்தியாரம்மா புத்தி, பொறுத்துக்கொள். நமக்கு ரெண்டுக்கும் ஒரே வினைச்சொல். நாமும் கேட்கிறோம், அவரும் கேட்கிறார். ஞாயிறு பள்ளியில் ஒரு தடவை, “நாம ஜெபம் பண்ணினா கர்த்தர் கேட்பார்” என்றேன். முன் வரிசையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த பயல் ஒருவன் பயந்துபோய், “என்ன டீச்சர் கேட்பாரு?” என்றான். வீட்டுப்பாடம் கேட்பார் என்று நினைத்துவிட்டான் போல. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். உன் அம்மாவிடம் ‘பக்கத்து மிஷின்காரனையும் நோட்டில் எழுதிக்கொள்கிறாயா’ என்று யாரோ கேட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தன் மகனுக்கு முன்னால் இன்னொருத்தி புருஷனுக்கு டிக் போட ஒரு தாய்க்கு எப்படிக் கை வந்தது? அது எங்கிருந்து வந்தது என்று டெனர் தம்பியும் சொல்லட்டும். கணக்கில் அது வராது.

வீட்டுக்காரருக்கு இப்போது குரல் எழும்புவதில்லை. நாற்பது வருடம் மைக் இல்லாமல் ஆராதனை நடத்தினவர். ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவர் முறை வரும்போது உதடு அசையும், ஒரு பெருமூச்சு வரும். முடிந்ததா முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் ‘ஆமென்’ சொல்வேன். சில நாள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவேன், முறைப்பார்.

உன் தம்பி ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சங்கீதம் 22-இல் ஒரு வரி உண்டு, “நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர்”. உத்தரவு என்றால் அந்தக் காலத் தமிழில் மறுமொழி. அந்த வரியை வேதத்திலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை. சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் அதே சங்கீதத்தின் முதல் வரிதான். அவருக்கும் அன்றைக்கு உத்தரவு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். இங்கே எங்கள் எல்லோரிடமும் கேட்கிறாயே, அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டாயா?

முன்னாள் டெனர்

கணக்கில் வராது, ஒத்துக்கொள்கிறேன் அம்மா. ஆனால் நல்ல மனுஷி என்றாலே போதுமே, அதற்கு மேலே ஒருவர் எதற்கு என்பேன். சரி, இதை வைத்துச் சண்டை வேண்டாம். ஐயர் சீக்கிரம் ஆமென் சொன்னால் முறைக்கிறார் என்றீர்களே, அதைப் படித்துச் சிரித்தேன்.

தேரிக்காட்டான்

ரெண்டு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

ஐயரம்மா கேட்ட கேள்விக்கு எனக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை. தம்பி போனபிறகு அம்மாவிடம் ‘சாப்பாடு இருக்கா’, ‘மாத்திரை போட்டியளா’ தவிர ஒன்றும் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை விழிப்பு வந்துவிட்டது. மூன்றே முக்கால். எழுந்து போய் அடுக்களைத் திண்டில் உட்கார்ந்தேன். அம்மா வந்து பாயை விரித்தார்கள். என்னைப் பார்த்து ஆச்சரியம் ஒன்றும் காட்டவில்லை. “ஃபேனப் போடு, கொசு புடுங்குது” என்றார்கள். போட்டேன். நோட்டைத் திறந்ததும் கேட்டுவிட்டேன், “தம்பி கட்டத்த எதுக்கு அப்படியே வச்சிருக்கிய? அடிச்சிர வேண்டியதானே.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்கள்.

“அவனுக்குச் சொகத்தக் குடும்னு கேட்டேன். குடுக்கல. ஏன் குடுக்கலன்னு கேட்டுருக்கேன். இன்னும் சொல்லல. சொன்ன அன்னைக்கி எழுதுவேன்.”

“கோவமே இல்லயா உங்களுக்கு?”

“கோவம் இல்லாமயா? அதுக்குன்னு பேசாம இருக்க முடியுமாய்யா. ஒங்க அப்பாகிட்ட ஆறு மாசம் பேசாம இருந்து பாத்தவ நான். ஒரு பிரயோசனமும் இல்ல.”

அவ்வளவுதான். முழங்கால் போட்டுவிட்டார்கள். நான் ஜெபம் பண்ணினேனா என்று கேட்டால், இல்லை. பக்கத்தில் இருந்தேன். அம்மா சத்தமாக ஜெபிக்கிறவர் இல்லை, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள், அந்தப் பேப்பர் உரசுகிற சத்தம் மட்டும் வரும். தம்பி வரியில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது.

அப்புறம் அம்மா காப்பி போடப் போனபோது நோட்டைப் புரட்டினேன். போன செப்டம்பர்ப் பக்கத்தில் என் பெயர். ‘மூத்தவன் – பேச மாட்டேங்கான்’. தன்னிடமா, கடவுளிடமா என்று எழுதவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டம் காலி.

காப்பியோடு வந்தவர்கள் நான் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன் என்று பார்த்துவிட்டார்கள். “இப்ப டிக் போடலாமே” என்றேன்.

“நாளைக்கும் எந்திரிக்கியான்னு பாப்போம்.”

மறுநாள் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எழுந்தேன். என் ரெண்டு கேள்விக்கும் இன்னும் எனக்குப் பதில் வரவில்லை. டெனர் அண்ணன் சொல்வதே சரியாக இருந்தாலும் இருக்கும். இப்போதைக்கு அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

வேறு ஒரு உதவி. அம்மாவின் நோட்டில் மூன்று தாள்தான் மிச்சம். அந்த மாதிரி நீள நோட்டு, காலிக்கோ அட்டை போட்டது, எங்கள் பக்கத்துக் கடையில் இப்போது வருவதில்லையாம். எல்லோரும் ஸ்பைரல் வைத்திருக்கிறார்கள். அது அம்மாவுக்கு ஆகாது, படுக்கவைத்தால் ஆடுமாம். திருநெல்வேலியில் எங்கே கிடைக்கும்?

முன்னாள் டெனர்

பாளை மார்க்கெட் பக்கம் பழைய பேப்பர் ஸ்டோர்களில் கேளுங்கள், கணக்கு நோட்டு என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஒரு குயர் வாங்காதீர்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று குயர் வாங்குங்கள்.